மே மாத ஏரியும் குருநகர் நீச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வசந்தகாலப் பொழுதுபோக்குகள் பற்றிக் கடந்த வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது: நீந்தத் தெரிந்தவர்கள் பயமில்லாமல் வள்ளத்தில் போகலாமாம். நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் உள்ள குருநகரில் பிறந்தவன். நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவன். அதனால்தான் எழுதுகிறேன்.

மே முதற் சனிக்கிழமை தங்கை மகனோடு இங்கே கனடாவில் இருக்கிற அல்கொன்குயின் பூங்காவுக்குப் போயிருந்தேன். 60ஆம் நெடுஞ்சாலை ஓரம் இரண்டு மூஸ் மான்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றன. பனிக்காலத்தில் வீதிக்குப் போட்ட உப்பு அதில் ஊறியிருக்கும், அதற்குத்தான் வருகின்றன என்றான் மருமகன். ஸ்மோக் ஏரியில் வள்ளத்தை இறக்கினோம். ஏரியில் பனிக்கட்டி கரைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கறுப்பு ஈக்களின் தொல்லை இன்னும் தொடங்கவில்லை. துடுப்பில் இருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. நடுவில் ஒரு லூன் கூவியது. எங்கள் ஒரு டொலர் குற்றியில் இருக்கிற அதே பறவை.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று வள்ளத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். பெரியவர்கள் போட்டே ஆகவேண்டும் என்றில்லை. நான் என்னுடையதை மடித்து இருக்கையில் போட்டு அதன்மேல் இருந்தேன். "மாமா, போடுங்கோ" என்று அவன் இரண்டு தரம் சொன்னான். "நீ பிறக்க முன்னமே கடல்ல நீந்தினவன் நான்" என்றேன்.

கோடையில் ட்ரவுட் மீன் ஆழத்துக்குப் போய்விடும். இப்போது மேலும் கீழும் தண்ணீர் ஒரே குளிர் என்பதால் மேலேயே திரியும். அங்கே உயிருள்ள சிறு மீனை இரையாகப் போடத் தடை. வெள்ளி நிறத் தகடு ஒன்றைத் தூண்டிலில் கட்டி, மெல்லத் துடுப்புப் போட்டபடி பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். பத்தரை மணிபோல ஒன்று அகப்பட்டது. சின்னது, விட்டுவிடலாம் என்று தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட இராது, குளிரில் கை விறைத்துவிட்டது. பெருவிரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. குறடு நழுவி ஏரிக்குள் போய்விட்டது. கடைசியில் மருமகன்தான் முள்ளைக் கழற்றினான்.

அப்புறம் சத்தமில்லாமல் அங்கியை எடுத்துப் போட்டேன். பட்டியைப் பூட்ட விரல் வரவில்லை. அதையும் அவன்தான் பூட்டிவிட்டான். இருந்த இடத்திலேயே இந்த நிலை. தண்ணீருக்குள் விழுந்தபிறகு யார் பூட்டுவது?

மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தானே உறைபனித் தண்ணீருக்குள் இறங்கி ஆராய்ந்தவர், 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கையில் இல்லை. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொல்வழி கேட்கும். குளிரால் நினைவு தப்ப 1 மணித்தியாலம் ஆகும். அங்கி இல்லாதவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்காது. எங்கள் ஊர்க் கடலில் பழகிய நீச்சல் அந்த முதல் நிமிடத்தைக் கண்டதே இல்லை.

அந்த வரியைத் திருத்தி அடுத்த இதழில் போடுங்கள்.

மீன் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: பின்னேரம் இன்னொன்று பட்டது, கொஞ்சம் பெரியது. மனைவி பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தாள். கடல் மீனுக்குக் கிட்டவும் வராது என்பது அவளுடைய தீர்ப்பு.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ