திம்புவில் எங்களுக்காக விழித்திருந்தவர்களுக்கு

அக்கா நேற்று மாலை மதுரை வந்து சேர்ந்துவிட்டார். வாசற்படியைத் தானே ஏறினார். நீங்கள் எல்லாரும் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பூட்டான் போன இடத்தில் அந்த ராத்திரி அக்காவுக்கு என்ன நடந்தது, மருத்துவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன்.

பாரோவிலிருந்து திம்பு வரை, இருட்டில், அந்த மலைப்பாதையில், ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியோட்டி வந்த டிரைவர் தம்பிக்கு. ரத்தம் வேண்டும் என்றதும் வந்து நின்ற அவருடைய டாக்சி நண்பர்களுக்கு. நாங்கள் தங்கும் தேதியை நீட்டித்துக் கொடுத்த குடிவரவு அலுவலக அம்மாவுக்கு. தூதரகத்திலிருந்து தமிழிலேயே பேசித் தைரியம் சொன்ன அதிகாரிக்கு. கேட்காமலே பணம் அனுப்பிய நம் பள்ளித் தோழிகளுக்கு. உங்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் அக்கா இன்று எங்களோடு இல்லை. ஜிக்மே டோர்ஜி வாங்சுக் தேசிய மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அடிப்படை மருத்துவத்தை இலவசமாகத் தர வேண்டும் என்று 2008-இல் வந்த பூட்டான் அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களான எங்களிடமும் அவர்கள் முதலில் கேட்டது ரத்த வகையைத்தான். பணப் பேச்சு எடுக்கவே மறுநாள் ஆனது.

அப்புறம் ஒரு பாட்டி. அவரைப் பற்றி உங்களில் பலருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நீள பெஞ்சு. அவ்வப்போது கதவைத் திறந்து நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். கூட வந்த இருவரும் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் விடுதியில் சுருண்டுவிட்டார்கள். நான் ஒருத்திதான். இரண்டாவது ராத்திரி கண் தானாக மூடியது. மூடிய மறுகணம் பதறி விழித்தேன். இப்படியே நள்ளிரவு வரை.

பெஞ்சின் மறுமுனையில் அந்தப் பாட்டி இருந்தார். பேரனைச் சேர்த்திருந்தார்கள். கிழக்கே டிராஷிகாங் பக்கத்திலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் வந்தவர் என்று பிறகு தெரிந்தது. நெசவுக் கோடுகள் போட்ட கீரா என்ற அந்த ஊர்ப் பெண்கள் உடை, மேலே கம்பளிச் சட்டை, வலது கையில் பிரார்த்தனைச் சக்கரம். பிடியில் எண்ணெய் இல்லாததாலோ என்னவோ, ஒவ்வொரு சுற்றுக்கும் கிரீச் என்று ஒரு சத்தம்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து கதவைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு இந்திகூட வராது, அவருக்கும் வராது. அந்த வழியாகப் போன இளம் செவிலியர்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் ஆளின் பெயரைக் கேட்கிறார். கூப்பிட்டால் அவர் எழுப்பிவிடுவாராம். உங்களைத் தூங்கச் சொல்கிறார்.”

அக்காவின் பெயர் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டி அதைத் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தார். தப்பினால் என் முகத்தைப் பார்ப்பார், நான் திருத்துவேன், மறுபடி சொல்வார். முழுதாக வந்த பிறகுதான் விட்டார். தன் போர்வையைச் சுருட்டி என் தலைக்கு வைத்தார். சக்கரத்தை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார், கிரீச் என்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சக்கரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, ஜபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்.

உள்ளே படுத்திருந்தது அவருடைய பேரன். அந்தச் சக்கரம் அவருக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! முன்பின் தெரியாத ஒருத்தி தூங்க வேண்டும் என்று அதை நிறுத்தினார்.

விடியும் முன்னே தோளில் ஒரு கை. அக்காவின் பெயரை அந்தப் பாட்டியின் வாயிலிருந்துதான் கேட்டேன், ஓர் எழுத்துக்கூடத் தவறாமல். உள்ளே ஓடிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா கண் திறந்துவிட்டார் என்று அப்போதுதான் சொன்னார்கள்.

காலையில் வெளியே வெயிலில் உட்கார்ந்து எனக்கு ஒரு தோமா மடித்துக் கொடுத்தார். நம் ஊர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான். ஆனால் அந்தப் பாக்கு ஈரமாக, நெடி அடிக்கும். மென்றதும் காதுவரை சூடு ஏறியது. நான் அழுதேன். அவர் தட்டிக்கொடுக்கவோ சமாதானம் சொல்லவோ இல்லை, பக்கத்தில் இருந்தார்.

பேரனுக்காகத்தானே ஜபம் செய்கிறார் என்று அந்தச் செவிலியரிடம் கேட்டேன். எல்லா உயிர்களுக்கும் என்றுதான் வேண்டுவார்கள், அதற்குள் பேரனும் வருவான், உங்கள் அக்காவும் வருவார் என்றார். நான் அதுவரை மீனாட்சியிடம் அக்காவை மட்டும் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பையனையும் சேர்த்துக் கேட்டேன். இப்போதும் தினம் கேட்கிறேன். அவனைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று டிரைவர் தம்பி முந்தாநாள் போனில் சொன்னார். அதைக் கேட்டபோது அக்காவே எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தம்பி, பாட்டியிடம் இந்த மடலைப் படித்துக் காட்ட யாராவது கிடைத்தால் படித்துக் காட்டுங்கள். அவர் கற்றுக்கொண்ட பெயருக்கு உரியவர் நடக்கிறார் என்று சொல்லுங்கள்.

என்னோடு வந்த தோழிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களாவது புலிக்கூட்டு மடாலயம் ஏறிவிட்டு வாருங்கள் என்று அக்கா வற்புறுத்தியபோது, “1998-இல் எரிந்துபோனதையே அதே பாறையில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், அது எங்கே போய்விடும், நாலு பேரும் சேர்ந்தே வருவோம்” என்றீர்கள். அக்கா அன்றுதான் முதல்முறை சிரித்தார்.

நம் ஊர் ராஜாஜி மருத்துவமனையில் ராத்திரி போய்ப் பாருங்கள். வராந்தா முழுக்க, பெயர் கூப்பிடுவார்களோ என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். இத்தனை வருஷம் அவர்களைக் கடந்துதான் போயிருக்கிறேன். இனி சனிக்கிழமை ராத்திரிகளில், அனுமதி கிடைக்கிற இடத்தில், அவர்களில் ஒருவருக்காவது நான் விழித்திருப்பேன். இந்தச் சனிக்கிழமையே தொடங்குகிறேன். கூட வர முடிந்தவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். ஒரு போர்வை கொண்டுவந்தால் போதும்.