பொருள்: மிடி கொன்ட்ரோலர்களோடு தந்த யூஎஸ்பி ஹப் பற்றிய முறைப்பாடு

கல்லடி, மட்டக்களப்பு.

முகாமையாளர்,
விற்பனைக்குப் பின்னான சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்காகத் தங்களிடம் ஒரே பற்றுச்சீட்டில் வாங்கிய பொருட்கள்: கணனியின் இசை மென்பொருளை இயக்கும் மிடி கொன்ட்ரோலர்கள் நான்கு (49 கட்டை கீபோர்ட் ஒன்று, விரலால் தட்டி வாசிக்கும் ஒளிரும் 16 பேட் உள்ளது ஒன்று, ஒலியளவைத் தள்ளிக் கூட்டிக் குறைக்கும் 8 ஃபேடர் உள்ளவை இரண்டு), ஒரு யூஎஸ்பி போர்ட்டை ஏழாக்கும் ஹப் ஒன்று. கணனியில் தனித்தனியே செருகினால் கொன்ட்ரோலர்கள் நான்கும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஹப் வழியாக நான்கையும் சேர்த்துச் செருகினால்தான் வில்லங்கம்.

பேட்கள் எல்லாம் வெள்ளையாக ஒளிர்ந்ததும் விண்டோஸ் 'டிங்-டொங்' என்று துண்டிப்புச் சத்தம் போடுகிறது. கீபோர்டும் ஃபேடர்களும் கூடவே போய்விடுகின்றன. அந்த நேரம் விரல் கட்டையில் இருந்தால், விட்டதைச் சொல்லும் செய்தி கணனிக்குப் போய்ச் சேராது; ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சாதனங்கள் திரும்ப வந்தாலும் பதிவு மென்பொருள் பழைய போர்ட்டையே பிடித்திருப்பதால், அதை மூடித் திறக்க வேண்டியிருக்கிறது.

யூஎஸ்பி மீற்றரை ஹப்புக்கு முன்னால் வைத்துப் பார்த்தோம். பேட் விளக்குகள் அணைந்திருக்கையில் மொத்தம் 470 மில்லி அம்பியர். முழுதும் எரிகையில் 690. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரவேண்டியது 500 தான். பேட் பக்கம் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பேட் வெளிச்சத்தை ஆகக் குறைவாக வைத்தால் துண்டிப்பு இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

பெட்டியில் 'மின்வழங்கியுடன் கூடிய ஹப்' என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே அடப்டர் இல்லை. இதைவிட மோசமானது இன்னொன்று. அடப்டர் இல்லாத நிலையிலும் இந்த ஹப் தன்னைச் சொந்த மின்சாரம் உள்ளதாகவே கணனிக்கு அறிவிக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் ஹப்பின் பவர் பக்கத்தில் போர்ட்டுக்கு 500 மில்லி அம்பியர் என்று காட்டுகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் போர்ட்டுக்கு 100 என்று கணக்கிட்டு விண்டோஸே எச்சரித்திருக்கும். நகரில் 5 வோல்ட் அடப்டர் வாங்கலாம்தான். ஆனால் வேறு அடப்டர் பாவித்தால் உத்தரவாதம் செல்லாது என்பது தங்கள் அட்டையிலுள்ள நிபந்தனை.

தொலைபேசியில் பேசிய தங்கள் உதவியாளர், சாதனங்களைக் கணனியோடு பேசவைக்கும் ட்ரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போடச் சொன்னார். இந்த நான்குக்கும் தங்கள் ட்ரைவரே கிடையாது. விண்டோஸில் உள்ளதுதான் ஓடுகிறது. மின்சாரம் போதாமைக்கு அது மருந்தாகாது.

ஃபேடர் இரண்டிலும் தொடரிலக்கம் பதியப்படவில்லை. அதனால் விண்டோஸ் அவற்றைச் செருகிய போர்ட்டை வைத்தே அடையாளம் காண்கிறது. கேபிள் இடம் மாறினால் ஒன்றின் பெயருக்கு முன்னால் '2-' ஒட்டிக்கொள்ளும். வயலின் ஃபேடரைத் தள்ள மிருதங்கம் கூடும். ஒன்றை மிடி சனல் 1 இலும் மற்றதைச் சனல் 2 இலும் வைத்தால் தீரும். அதைச் செய்யும் தங்கள் எடிட்டர் மென்பொருளோ முதலில் தென்படும் ஒன்றை மட்டுமே திறக்கிறது. பதிவு மென்பொருளை மூடி, ஒவ்வொன்றாகத் தனியே செருகி மாற்றிக்கொண்டோம். கையேட்டில் இதுபற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே 5 வோல்ட், 3 அம்பியருக்குக் குறையாத அடப்டருடன் சரியான ஹப் ஒன்றை மாற்றித் தரவும். அல்லது ஹப்பின் பெறுமதியைத் திருப்பித் தரவும். இரண்டில் எதுவானாலும், பழையதைக் கொழும்புக்கு அனுப்பும் கூரியர் கட்டணம் தங்களுடையது. ஃபேடர்களுக்குத் தொடரிலக்கத்துடனான ஃபேர்ம்வெயார் (சாதனத்தின் உள் மென்பொருள்) வருமா என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.

14 நாட்களுக்குள் பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தை அனுப்புவோம். பற்றுச்சீட்டின் பிரதி, மீற்றர் அளவீட்டுப் படங்கள், பவர் பக்கத்தின் திரைப்பிடிப்பு ஆகியன இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
பொறுப்பாளர், ஒலிப்பதிவுக் கூடம்