மருமகன் கணக்கும் மஞ்சள் பனியனும்

டிசம்பர் 5, 2025

மாப்ள,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. சாக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை, நவம்பர் மாசம் எனக்கு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். பட்டறையில் ஆர்டர் குறைந்ததைப் பற்றி நேரில் பேசுவோம், அது கடிதத்தில் ஆகிற பேச்சு இல்லை. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், "அந்த மஞ்சள் மிச்சிகன் பனியன் இன்னும் கிழியலடா, பைக் துடைக்க வச்சிருக்கேன்" என்று. அந்த ஒரு வரிதான் இவ்வளவு நீளக் கடிதத்துக்குக் காரணம்.

போன சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பாலில் நாம், அதாவது நாம் படித்த மிச்சிகன் டீம், நம்ம பழைய எதிரி ஒஹாயோ ஸ்டேட் காலேஜிடம் தோற்றுவிட்டோம். 27-9. நம்ம ஊர் மைதானத்தில், கொட்டுகிற பனியில். நாலு வருஷம் வரிசையாக ஜெயித்துவிட்டுத் தோற்றது. பக்கத்து சீட்டில் என் அக்கா பையன் ஒஹாயோவின் சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான், அதுதான் தோல்வியைவிடக் கொடுமை.

அவன் கதையை உனக்குச் சொல்லவே இல்லையே. போன வருஷம் ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க ஒஹாயோ ஸ்டேட் இருக்கிற கொலம்பஸுக்கு வந்தான், புள்ளியியல். நான் எவ்வளவோ சொன்னேன், நம்ம மிச்சிகன் இருக்கிற ஆன் ஆர்பருக்கும் விண்ணப்பம் போடுடா என்று. போட்டான், கிடைக்கவில்லை, சரி விடு. வந்து மூணே மாதத்தில் பையன் ஆளே மாறிவிட்டான். அந்த ஊரில் மிச்சிகன் என்ற பெயரையே வாயால் சொல்ல மாட்டார்களாம், 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்றுதான் பேச்சு. ஆட்டம் நடக்கிற வாரம் கேம்பஸ் முழுக்க எங்கெல்லாம் எம் என்ற எழுத்து இருக்கிறதோ, போர்டு, கட்டடப் பெயர் எதையும் விடாமல் சிவப்பு டேப்பால் குறுக்குக் கோடு போட்டு மறைத்துவிடுகிறார்கள். இவன் பெயர் ஆரம்பிப்பதே எம்மில்தான். கூடத் தங்கியிருக்கிற பசங்க கதவில் இருந்த இவன் பெயர் மேலேயே டேப் ஒட்டிவிட்டார்களாம். தாய்மாமன் ஊருக்கு மரியாதை இவ்வளவுதான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் நாம் 2007இல் வந்து இறங்கியது ஞாபகம் வருகிறது. செப்டம்பர் 1. வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பெட்டியில் இருந்து பருப்புப் பொடிகூட வெளியே எடுக்கவில்லை. சீனியர் ஒருத்தர் டிக்கெட்டை நீட்டி, "இது சும்மா சின்ன காலேஜோட ஆட்டம், அப்பலாச்சியன் ஸ்டேட்னு பேரு, எப்படியும் ஜெயிப்போம், எப்படிக் கத்தணும்னு கத்துக்கிட்டு வாங்க" என்று அனுப்பினாரே. தெருவிலிருந்து பார்த்தபோது, இதா லட்சம் பேர் உட்காரும் மைதானம், கல்யாண மண்டபம் மாதிரிதானே இருக்கிறது என்று நீ சொன்னாய். உள்ளே நுழைந்ததும்தான் தெரிந்தது, மைதானமே பூமிக்குள் குழி தோண்டி இறக்கியது, நாம் நின்றது மேல் விளிம்பில். கீழே பார்த்து நீ சொன்ன கெட்ட வார்த்தையை எழுத மாட்டேன், உன் மகளும் இதைப் படிப்பாள். இன்றைக்குக் கணக்குப்படி 1,07,601 இருக்கை. அந்தக் கடைசி ஒன்று பழைய கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்கு மரியாதையாக விட்டது, அது எந்த இருக்கை என்று யாருக்கும் தெரியாது. மொய் எழுதுகிறபோது நூற்றோடு ஒரு ரூபாய் சேர்க்கிற மாதிரி.

அன்றைக்கு நமக்கு விதியே தெரியாது. நாலு வாய்ப்பில் பத்து யார்டு நகர வேண்டும் என்பதையே இடைவேளைக்கு அப்புறம்தான் பின் வரிசைத் தாத்தா ஒருவர் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாம் இடத்தில் இருந்த டீம் நாம், கீழ் டிவிஷனிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கடைசி நொடிகளில் கம்பத்துக்கு நடுவே நாம் உதைத்த ஃபீல்டு கோலைப் பாய்ந்து தடுத்துவிட்டார்கள், 34-32. தரவரிசையில் இருக்கிற ஒரு டீம் கீழ் டிவிஷன் டீமிடம் தோற்றது அதுவரை நடந்ததே இல்லையாம். லட்சம் பேர் ஒன்றாகச் சத்தமில்லாமல் இருப்பதை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நீ, "தோத்துட்டோமேடா" என்றாய். தோத்துட்டாங்க என்று சொல்லவில்லை. வந்து பத்து நாள், இன்னும் ஒரு அசைன்மென்ட்கூட எழுதவில்லை, அதற்குள் 'டோம்' வந்துவிட்டது. ஜெயித்திருந்தால் இரண்டு பேரும் அப்படியே மறந்திருப்போம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். இவனுக்கு உணர்ச்சி எல்லாம் கிடையாது, எல்லாம் எண். ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி "மாமா, ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பான். முதலில் அவனைக் கடுப்பேற்றியது, இங்கே காலேஜ் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிகிறவனை, பிடித்துத் தள்ளிவிட்டால், அந்த சேக்கில் போன யார்டை அவன் ஓடிய கணக்கில் கழிக்கிறார்கள் என்பது. காசுக்கு ஆடுகிற பெரிய லீகான என்.எஃப்.எல்.லில் அதைப் பாஸிங் கணக்கில்தான் கழிப்பார்கள். எறியப் போனவன் அடி வாங்கினால் ஓட்டக் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள் என்று இவன் கேட்கிறான். நியாயமான கேள்வி. நமக்குத் தோன்றவே இல்லையே இத்தனை வருஷம்.

அப்புறம் பந்தோடு ஓடுகிற பேரி சாண்டர்ஸ் கதை. 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்காக 11 ஆட்டத்தில் 2,628 யார்டு ஓடினார், இன்றுவரை ஒரு சீசன் சாதனை அதுதான். போன வருஷம் பாய்ஸி ஸ்டேட் பையன் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டத்தில் 2,601 வந்து 27 யார்டு குறைவாக நின்றுபோனான். நான் ஐயோ பாவம் என்றேன். இவன் சிரிக்கிறான். 2002க்கு முன்னால், சீசன் முடிந்து ஆடுகிற பவுல் ஆட்டத்தை, காலேஜ் விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. சீசன் கணக்கில் சேர்ப்பதே இல்லையாம். சாண்டர்ஸ் அந்த வருஷம் பவுல் ஆட்டத்தில் தனியாக 222 ஓடியிருக்கிறார், அதையும் சேர்த்தால் 2,850. ஜென்டிக்கு மட்டும் பிளே ஆஃப் ஆட்டமும் கணக்கில் உண்டு. இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டவனுக்கு எங்கள் டிபார்ட்மென்டில் பாஸ் மார்க் போட மாட்டோம் மாமா என்கிறான். மொத்த யார்டைப் பார்க்கவே கூடாதாம், ஒவ்வொரு முயற்சியும் தேறியதா என்று பார்க்க வேண்டுமாம்: நாலு வாய்ப்பில் முதலாவதில், அதாவது முதல் டவுனில், தேவையில் பாதி, இரண்டாவதில் பத்துக்கு ஏழு, மூன்றாவதிலும் நாலாவதிலும் முழுசும் எடுத்தால்தான் அது வெற்றி. மூன்றாவது டவுனில் மூன்று யார்டு தேவைப்படும்போது நாலு எடுத்தவன், பன்னிரண்டு தேவைப்படும்போது ஒன்பது எடுத்தவனைவிட மேல். கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் அடிக்கிற பத்து ரன்னும் முப்பதாவது ஓவரில் அடிக்கிற பத்து ரன்னும் ஒன்றா என்று நாம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சண்டை போட்டதுதான், இவன் அதற்கு ஒரு ஃபார்முலா வைத்திருக்கிறான்.

அந்த ஃபார்முலாவை வைத்துத்தான் போன சனிக்கிழமை என்னை மடக்கினான். விவரமாகச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும்.

2023 நவம்பரில் பென் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 24-15 என்று அடித்தோமே, உனக்கு நடுராத்திரி மெசேஜ் போட்டேனே. நம்ம கோச் ஹார்பாவை அதற்கு முந்தின நாள்தான் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் கடைசி 32 முயற்சியும் ஓட்டம்தான். இடைவேளைக்கு அப்புறம் நம்ம குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி எறிந்தது ஒரே ஒரு பந்து, அதுவும் பெனால்டி ஆனதால் கணக்கில் ஏறவில்லை. மொத்தம் 8 எறிந்து 7 பிடிபட்டது, 60 யார்டு. நான் அன்றைக்கு உனக்கு எழுதியது: 'இதுதாண்டா ஃபுட்பால், எதிரிக்குத் தெரியும் நாம ஓடப்போறோம்னு, இருந்தும் தடுக்க முடியல.'

2024 நவம்பர் 30, கொலம்பஸ். அந்த சீசனில் ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டுப் போய், இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோவை 13-10 என்று சாய்த்தோம். நம்ம குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் எறிந்த 16இல் 9 பிடிபட்டது, 62 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன், அதாவது எதிரி கைக்குப் போனது. மருமகன் அன்றைக்கு அந்த மைதானத்தில்தான் இருந்தான், அவன் பார்த்த முதல் பெரிய ஆட்டம். முடிந்ததும் நம்ம பசங்க கொடியை நடப்போய் அடிதடியாகி போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடித்ததையும் பார்த்தான். அன்றும் நான், டிஃபென்ஸ் இருந்தால் போதும், எறியவே வேண்டாம் என்று குதித்தேன்.

இப்போது 2025. பிரைஸ் அண்டர்வுட், முதல் வருஷப் பையன், 18இல் 8, 63 யார்டு, ஒரு இன்டர்செப்ஷன். ஆரம்பத்தில் 6-0 என்று முன்னால்தான் இருந்தோம், அப்புறம் பந்தே நம் கைக்கு வரவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் நான் எழுந்து நின்று, இது என்ன பிளே காலிங், பள்ளிக்கூடப் பசங்ககூட இதைவிட நல்லா எறிவாங்க, இந்தக் காலத்தில் எறியத் தெரியாமல் ஜெயிக்க முடியுமா என்று தமிழில் கத்தினேன். சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை, இவனுக்குப் புரிந்தது.

காரில் திரும்பும்போது ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான். "மாமா, 60, 62, 63. மூணும் ஏறக்குறைய ஒரே யார்டு. முதல் ரெண்டை வீரம்னு சொன்னீங்க, மூணாவதைக் கேவலம்னு சொல்றீங்க." நான் விடவில்லை, யார்டு மட்டும் பார்த்தால் போதுமா என்றேன். உடனே என்.சி.ஏ.ஏ. ரேட்டிங் ஃபார்முலாவைப் போனில் போட்டான்: யார்டை 8.4ஆல் பெருக்கு, எறிந்து எல்லை சேர்ந்த ஒரு டச் டவுனுக்கு 330 கூட்டு, பிடிபட்ட ஒவ்வொன்றுக்கும் 100, இன்டர்செப்ஷனுக்கு 200 கழி, மொத்தத்தை எறிந்த எண்ணிக்கையால் வகு. மெக்கார்த்திக்கு 150.5 வந்தது. வாரனுக்கு 63.8. அண்டர்வுட்டுக்கு 62.7. "போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு மாமா, போன வருஷம் எங்க கிக்கர் பக்கத்துல இருந்து ரெண்டு ஃபீல்டு கோலை விட்டான். அவன் ஒழுங்கா அடிச்சிருந்தா உங்க டிஃபென்ஸ் தத்துவமெல்லாம் எங்க போயிருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை மாப்ள. இத்தனை வருஷம் நான் புள்ளிவிவரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஜெயித்த பிறகு அதற்கு ஜாதகம் எழுதுகிற வேலை. தோற்றால் அதே கட்டத்தைப் பார்த்து சனி பார்வை என்கிறேன், ஜெயித்தால் குரு பார்வை. ஆனாலும் அவன் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அந்த 2024 ஆட்டத்தில் நம்ம டிஃபென்ஸ் லைன் நடுவில் நின்ற மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும் ஒஹாயோவை நகரவிடாமல் செய்ததற்கு எந்தக் கட்டத்தில் எண் இருக்கிறது? அவர்கள் ஆளுக்கு இரண்டு எதிரிகளைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டதால்தான் பின்னால் இருக்கிறவனுக்கு பந்தோடு ஓடுகிறவனை வீழ்த்துகிற டேக்கிள் கிடைத்தது, பேர் அவனுக்குப் போய்விட்டது. இதை இவனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, அதை எப்படி அளக்கலாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டான். கெட்ட பையன்.

இன்னொன்றும் சொல்லிக் காட்டினான், அதை மறைக்காமல் எழுதுகிறேன். நம்ம 2023 கோப்பையைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சிக்னல் திருடின வருஷமா மாமா?" என்கிறான். எதிர் டீம்களின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி, கோச்சுகள் காட்டுகிற சைகையைப் படம் பிடித்தது உண்மை, இந்த ஆகஸ்டில் கோடிக்கணக்கில் டாலர் அபராதமும் போட்டார்கள், கோப்பையை மட்டும் பிடுங்கவில்லை. எல்லாரும் சைகையைப் படிப்பதுதான் என்று இங்கே நண்பர்கள் சொல்வார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன், வாயில் சரியாக வரவில்லை. ஆனால் அதே வருஷம் ஒஹாயோ ஆட்டத்தில் நம்ம ஸாக் ஸின்டர் கால் உடைந்து வண்டியில் போனதும், அடுத்த முயற்சியிலேயே நம்ம பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச் டவுன் போட்டு விரலால் 6, 5 என்று ஸின்டரின் சட்டை எண்ணைக் காட்டினானே, அதை எந்த அபராதம் என்ன செய்யும்? அதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

பழைய மாணவர் பெருமை என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அதுவும் இப்போது முன்ன மாதிரி இல்லை. 2021இலிருந்து பசங்க தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், இந்த ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகப் பங்கு கொடுக்கிறது, ஒரு காலேஜுக்கு முதல் வருஷ உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர். கொடுக்கட்டும், லட்சம் பேரை உட்கார வைத்துச் சம்பாதித்ததில் அடி வாங்கினவனுக்கு ஒன்றும் கிடையாது என்று இருந்ததுதான் அநியாயம். ஆனால் வருஷா வருஷம் டீம் மாறிக்கொண்டே போகிறார்கள், பெயர் மனசில் பதிவதற்குள் வேறு சட்டை. நன்கொடை கேட்டு மட்டும் எனக்கு மாதாமாதம் மெயில் வருகிறது. அவர்களுக்கு என் ரிசர்ச் பேப்பர் ஞாபகம் இல்லை, முகவரி ஞாபகம் இருக்கிறது.

நாளைக்கு ஒஹாயோவுக்கும் இன்டியானாவுக்கும் நம்ம லீகான பிக் டென்னின் இறுதி ஆட்டம், இரண்டுமே 12-0. எத்தனையோ வருஷம் அடிமட்டத்தில் கிடந்த இன்டியானா! மருமகன் இங்கேதான் வருகிறான், அவன் அத்தை அவனுக்காக அரிசிம்பருப்பு சாதம் செய்கிறேன் என்றிருக்கிறாள், அப்பளம் வேறு. நான் இன்டியானா பக்கம்தான் கத்தப் போகிறேன். அதற்கும் ஒரு எண் வைத்திருப்பான்.

ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்தப் பனியனை இனி பைக்குக்குப் போடாதே. எண்ணெய்க் கறை போகாவிட்டாலும் பரவாயில்லை, அலசிக் காயப்போட்டு வை. வந்து எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வருஷம் ஆட்டம் கொலம்பஸில், அதைப் போட்டுக்கொண்டு இவன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மாப்ள