பின்வளவில் ஒரு புளிப்புச் செரி

அன்புள்ள மகளுக்கு,

புது வீட்டின் பின்வளவில் புளிப்புச் செரி வைக்கப் போகிறேன் என்றாய். மண்வெட்டியை எடுக்குமுன் இதை வாசி.

ஒட்டாவாக் குளிரை நினைத்துப் பயப்படாதே, மொன்மொரன்சி என்ற புளிப்புச் செரி வகை அதைத் தாங்கும். உங்கள் பக்கத்துக் களிமண்தான் எனக்குக் கவலை. வேரடியில் தண்ணீர் தேங்கினால் செரி அழுகிவிடும். ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பு. வடிந்ததும் இன்னொருதரம் நிரப்பிப் பார். மணித்தியாலத்துக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓரடி உயரம், நாலைந்தடி அகலத்தில் மேடு கட்டி அதன்மேல் நடு. களிமண்ணில் குழி வெட்டி, நல்ல மண்ணை மட்டும் கொட்டி நடுவது பெரும்பிழை. சுற்றியுள்ள நீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். ஓட்டையில்லாத வாளிக்குள் நட்ட மாதிரி.

கன்று வாங்கும்போது எந்த வேர்க்கட்டையில், அதாவது வேருக்காக அடியில் வைக்கும் எந்த மரத்தில், ஒட்டியது என்று கேள். மகலெப் என்றால் விட்டுவிடு, அது மணற்பாங்கான நிலத்துக்குரியது. கிசெலா 5 என்றால் மரம் குட்டையாக நிற்கும், வலை போடவும் பறிக்கவும் சுகம். இடம் இன்னும் சிறிதென்றால் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட கார்மைன் ஜுவல் என்ற புளிப்புச் செரி வகையை வாங்கு. ஆறேழு அடிப் புதர்தான். எதுவானாலும் ஒன்று போதும். இனிப்புச் செரிகளில் பெரும்பாலானவற்றைப்போல் துணைமரம் கேட்காது, தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

மண் இளகியதும், மொட்டு விரியுமுன் நடு. எட்டு மணித்தியாலமாவது வெயில் விழ வேண்டும். பள்ளமான மூலை வேண்டாம், இரவுக் குளிர் அங்கேதான் தேங்கும். விரிந்த பூ −2 பாகை செல்சியஸில் கருகத் தொடங்கும். −4 ஆனால் அநேகமாக எல்லாம் போய்விடும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே தெரியட்டும். குழிக்குள் பசளை போடாதே. மேலே மூன்று அங்குலத்துக்கு மரச்சீவல் பரப்பு, ஆனால் தண்டில் முட்டக்கூடாது. தண்டைச் சுற்றிச் சின்னக் கண்ணுள்ள கம்பிவலை கட்டு. இரண்டடி வலை காணாது. ஸ்னோ ஏறினால் முயல் அதன்மேல் நின்று பட்டையைக் கடிக்கும். மூன்றரை அடி வை.

கிளை வெட்டுவது மார்ச் கடைசியில், காய்ந்த நாளில். நடுவுக்குள் காற்றும் வெயிலும் போனால் இலை சீக்கிரம் உலரும். இதைச் சொல்லக் காரணம் இலைப்புள்ளி நோய். யூனில் சின்ன ஊதாப் புள்ளிகள் வரும், பிறகு இலை மஞ்சளாகி யூலையிலேயே கொட்டும். அந்த வருடப் பழத்தைப் பார்த்து ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடாதே. இலையில்லாத மரம் மாரிக்குச் சேமிக்க முடியாது. குளிர் தாங்கும் மரத்தையும் அப்போதுதான் குளிர் கொல்லும். இந்த நோயைத் தரும் பூஞ்சணம், கீழே விழுந்து கிடக்கும் இலையில்தான் மாரியைக் கழிக்கும், ஆகவே ஓர் இலை விடாமல் வாரி அகற்று. தண்ணீரை இலைமேல் அடிக்காதே, அடியில் விடு. ஓகஸ்டில் பசளையும் போடாதே. பிந்தித் துளிர்க்கும் கிளை முற்றாமலே குளிரில் மாட்டும்.

மூன்றாம் நாலாம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும். காய் நிறம் மாறும்போதே வலை போடு, ஒருநாள் பிந்தினாலும் பறவைகள் முந்திவிடும். பழ ஈயில் புள்ளிச் சிறகு உள்ள ஒருவகை பழுத்துவரும் நல்ல பழத்துக்குள்ளேயே முட்டை இடும். பறவை வலை அதைத் தடுக்காது, ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய கண்ணுள்ள வலை வேண்டும். அது இல்லையென்றால் பழுக்கப் பழுக்க இரண்டு நாளுக்கொருதரம் பறித்து உடனே குளிர்ப்பெட்டியில் வை. விழுந்த பழங்களைப் பொறுக்கிப் பையில் கட்டி எறி.

மெல்ல இழுத்ததும் காம்பு மரத்தில் நிற்க, பழம் மட்டும் கையில் வந்தால் பதம். காம்பில்லாத பழம் இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. தலைக்குத்தும் ஊசியின் வளைவைக் காம்பிருந்த துளைக்குள் விட்டுக் கொட்டையைத் தோண்டி எடுத்து, பழத்தை உறையவை. ஊறுகாய்க்கும் இந்தப் புளிப்பு நன்றாக வரும், உப்பை மட்டும் குறைத்துப் போடு.

வடிகால் சோதனையை இந்த வாரமே செய்து, எவ்வளவு இறங்கியது என்று எழுது.

அன்புடன்,
அப்பா