சம்பளம் கொடுக்கும் லீக்

மதுரை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. கனடாப் பெண்கள் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டத்தில் உங்கள் ஊர் டொராண்டோ அணி 2-1 என்று வான்கூவரிடம் தோற்றதற்கு இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். சீசன் முழுக்க ஆடி அட்டவணையில் முதலிடம் பிடித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் கோப்பையை விட்டால் வயிறு எரியத்தான் செய்யும். சரி, விடு.

எனக்கு ஆச்சரியம் வேறு. ஒலிம்பிக்கில் 2012, 2016 இரண்டிலும் வெண்கலம், டோக்கியோவில் தங்கம் என்று வாங்கிக் குவித்த கனடாவில், பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் 2025 ஏப்ரலில்தான் தொடங்கியிருக்கிறது! லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக ஆட்டம் முடியும் நேரத்தில் கோல் அடித்த டயானா மேதசன்தான் ஓய்வுக்குப் பிறகு இந்த லீக்கையும் முன்னின்று உருவாக்கினார் என்று எழுதியிருந்தாய். நாமாக இருந்தால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

ஆனால் தேதியை மட்டும் பார்த்தால் நாம்தான் மூத்தவர்கள். இந்திய மகளிர் லீக் 2017 ஜனவரியிலேயே டெல்லியில் ஆறு அணிகளோடு தொடங்கிவிட்டது. என்ன, எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி இரண்டு மூன்று வாரம் ஆடிவிட்டு ரயில் ஏறிவிடும். அதை லீக் என்பதா, டோர்னமெண்ட் என்பதா? நம் மதுரை சேது எஃப்.சி. 2019-ல் சாம்பியன் ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது லூதியானாவில். நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த வாரம் அது. இங்கே டீக்கடையில் யாரைக் கேட்டாலும் எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்றுதான் சொன்னார்கள்.

2023-24-ல்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. 2024-25-ல் எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். உங்கள் ஊரில் ஆளுக்கு 25. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது செல்வி. பாதி வருஷத்துக்கு மேல் ஆட்டம் இருந்தால் அது வேலை. சில வாரம் என்றால் லீவு போட்டுவிட்டுப் போகிற காரியம். குறைந்தபட்சச் சம்பளமே 50,000 கனடா டாலர் என்றாயே, நம் கணக்குக்கு 30 லட்சம் ரூபாய்க்கு மேல். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் நம்பவில்லை.

இங்கே என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் லீக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை. "ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ் வேலை கிடைக்குமா டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதியே தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். பந்து வேலைக்கு வழி, வேலை வந்தால் பந்து போதும் என்று நினைக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வருகிறாள், இடது காலில் அப்படி ஒரு அடி. வயசுக்கு வந்த பிள்ளை அரைக்கால் சட்டை போடுவதா என்று வீட்டில் சண்டை. உள்ளே லெகிங்ஸ் போட வைத்து ஒருவழியாகச் சமாளித்தோம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவளை யார் விளையாட விடுவார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்துக்கு இவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. டி.வி.யில் பார்ப்பது வேறு, தன்னைப் போல் பேசுகிற ஒருத்தி பத்தடி தூரத்தில் ஓடுவதைப் பார்ப்பது வேறு.

ஒன்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய முதல் தொழில்முறைப் பெண்கள் லீக் மூன்றே சீசனில் இழுத்து மூடப்பட்டது. அதனால் உங்கள் ஊரில் இரண்டாம் வருஷமும் கூட்டம் வருகிறதா, டிக்கெட் என்ன விலை, செலவை யார் தாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுது. அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் உன் மகளுக்குச் சின்னதாகிப் போன பூட்ஸ் எதுவும் இருந்தால் கொண்டு வா. எந்த சைஸானாலும் இங்கே ஒரு கால் இருக்கும்.

அன்புடன்,
மகேஸ்வரி