நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிஞ்சாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கந்தப்பளையிலிருந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகக் கெப், அதாவது பின்னால் தொட்டி வைத்த பிக்கப் வண்டி, ஓட்டுகிறேன், அதில் பெரும்பகுதி தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போன ஓட்டம்தான். போன வாரம் நடந்த ஒன்றைப் பற்றி நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அக்கா மகன் லீசிங்கில் ஒரு டபுள் கெப் எடுத்திருக்கிறான். அவன் கண்டிக்குப் போன அன்று நானும் கூட ஏறிக்கொண்டேன். லபுக்கலை தாண்டி றம்பொடை இறக்கம் தொடங்கியதும் பையன் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து இறங்க ஆரம்பித்தான். என்ன தம்பி என்றேன். “இறக்கத்துல எதுக்கு மாமா டீசல வேஸ்ட் பண்ணணும்” என்றான். நாலைந்து முடக்கு போனதும் கருகல் வாடை வந்தது. ஓரமாக ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தால், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல், உள்ளேயிருந்து மெல்லிசாகப் புகை வேறு. சூடு ஆறும்வரை அரை மணித்தியாலம் அங்கேயே நின்றோம். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற பழைய சாரதிகள்தான்.

2021 டிசம்பரில் ஒரு லீட்டர் ஓட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் அது 460 ரூபா, அதுவும் எரிபொருள் ஷெட்டில் வரிசையில் கிடந்து கிடைத்தால்தான். அந்த நாட்களில் ஒவ்வொரு சொட்டையும் எண்ணி எண்ணி ஓட்டினோம். இறக்கம் வந்தால் நியூட்ரல், இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவார்கள். வரிசை போய்விட்டது, எரிபொருளை அளந்து கொடுத்த கியூ.ஆர். கோட்டாவும் 2023 செப்டெம்பரோடு போய்விட்டது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. எங்களைப் பார்த்துப் பழகிய பையன்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.

உண்மையில் இதில் டீசல் மிஞ்சுகிறதா? இல்லை. கியரில் போட்டு எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க டீசல் தேவையில்லை, அதனால் இன்றைய வண்டிகளில் கொம்பியூட்டரே டீசலை நிறுத்திவிடும். என் பழைய ஹைலக்ஸ் போன்ற வண்டியில் அந்த வேலையை டீசல் பம்பில் இருக்கும், டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் செய்கிறது. நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு விட்டுப்போகிறது, எஞ்சின் தன்னைத் தானே ஓடவைத்துக்கொள்ள டீசல் குடித்துத்தான் ஆகவேண்டும்.

இதை அவன் வண்டியிலேயே காட்டினேன். 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீட்டர் என்று அந்த நிமிஷக் கணக்கைக் காட்டுகிற சின்னத் திரை அதில் இருக்கிறது. பிரேக் ஆறிய பிறகு இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கச் சொன்னேன். திரையில் 0.0. கொஞ்சம் சாய்வு குறைந்த, நேரான ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் மட்டும் நியூட்ரலில் போடச் சொன்னேன். 2 என்று காட்டியது. பையன் அதற்குப் பிறகு கம்பளை வரைக்கும் கியரைத் தொடவில்லை, தேவைக்கு மாற்றியதைத் தவிர.

குறைந்த சாய்வில், பிரேக்கே தேவைப்படாத இடத்தில், நியூட்ரலில் உருளவிட்டால் கொஞ்சம் மிஞ்சும் என்று யாராவது சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் நாங்கள் ஓடுவது றம்பொடையிலும் கினிகத்தேனையிலும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், பேராதனை 500 மீற்றருக்கும் கீழே. அவ்வளவு உயரத்தையும் பிரேக்கால் மட்டும் பிடித்து இறக்கினால் அத்தனையும் சூடாகத்தான் போகும். சூடு ஏற ஏற பிரேக் லைனர் பிடிக்காது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சாமான், வருஷக்கணக்கில் மாற்றாத ஒயில் என்றால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போய்விடும். எஞ்சினையும் நிறுத்தியிருந்தால் பிரேக்குக்குத் துணை செய்கிற வெக்குவமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், சாவியைக் கடைசிவரை திருப்பி உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 7 பேர் செத்த விபத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அது ஏன் நடந்தது என்று பேசுவது என் வேலை இல்லை. அந்த மாதிரி இறக்கத்தில் பிரேக் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஏறும்போது என்ன கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்று எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் சொன்னார். அதைவிட நல்ல கணக்கு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சரி, அப்படியானால் டீசல் எங்கேதான் மிஞ்சும்?

முதலில் காலில். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் ஒரு கணக்குச் சொல்கிறது: சடாரென்று எடுப்பதும் சடாரென்று பிரேக் பிடிப்பதுமாக ஓட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரைக்கும், நின்று நின்று போகிற வீதியில் 10 முதல் 40 சதவீதம் வரைக்கும் மைலேஜ் குறையும். எங்கள் வீதியில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு முடக்கிலிருந்து வெளியே வந்ததும் முழுசாக மிதிப்பார்கள், அடுத்த முடக்கு நூறு மீற்றரில், அங்கே போய்ப் பிரேக். அந்த நூறு மீற்றரில் எரித்த டீசலில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகப் போகிறது. முன்னால் போகிற பஸ்ஸை முடக்குக்கு முன்னால் முந்தி என்ன கிடைக்கப்போகிறது, புசல்லாவை டவுனில் அந்த பஸ் நமக்குப் பின்னாலேயே வந்து நிற்கும்.

ஏற்றத்தில் வேறு மாதிரித் தவறு நடக்கிறது. பெரிய கியரில் போனால் டீசல் குறையும் என்று கேள்விப்பட்டு, வண்டி முனகி நடுங்க நடுங்க நாலாவது கியரிலேயே இழுப்பார்கள். பின்னால் கறுப்புப் புகை வரும். அந்தக் கறுப்பு முழுதாக எரியாமல் போகிற டீசல், அதாவது நம் காசு. இங்கே மேலே வர வரக் காற்றே குறைவு, நுவரெலியா உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என் 2.8 லீட்டர் எஞ்சினுக்கு அது நன்றாகவே தெரியும். நான் முனகத் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவதுக்கு இறக்கி, பாதி மிதியில் நிதானமாக ஏறுவேன். புகை இல்லை, டீசலும் குறைவு, எஞ்சினும் சூடாகாது.

அடுத்தது பாரம். ஒரு நாள் வண்டியைக் கழுவுவதற்காகப் பின்னால் கிடந்ததை எல்லாம் இறக்கினேன். பழைய டயர் இரண்டு, சங்கிலி, பலகைத் துண்டுகள், நனைந்து ஊறிப்போன இரண்டு படங்கு, நாலு மணல் மூட்டை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மகள் வாசல்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 100 கிலோவைப் பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்குத் தூக்க, உயரத்துக்கு மட்டும், 100 மில்லிலீட்டருக்கு மேல் டீசல் போகும் அப்பா என்றாள். அது ஒரு பயணத்துக்கு. அந்தச் சாமான்கள் என் வண்டியில் எத்தனை வருஷம் சும்மா ஏறி இறங்கின என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. ஒரு மணல் மூட்டையை மட்டும் திரும்ப ஏற்றிக்கொண்டேன், மழை நாளில் வெறும் கெப்பின் பின்பக்கம் முடக்கில் இழுத்துக்கொண்டு போகும், அதற்காக. அதில் டீசல் கணக்குப் பார்க்கமாட்டேன்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்லமாட்டார்கள். ஒரு முறை மாத்தளையில் மத்தியான வெயிலில் டயர்க் கடையில் காற்றுப் பார்த்தார்கள். 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் போட்டிருந்த டயர் 46 காட்டியது. கூடிப்போச்சு என்று அந்தப் பையன் 40 வரும்வரை இறக்கிவிட்டான். அடுத்த நாள் விடியற்காலை கந்தப்பளைக் குளிரில் பார்த்தால் 34. ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் கூடித்தான் இருக்கும், அதை இறக்கவே கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு பார்க்க வேண்டும், பாரத்துக்கு எவ்வளவு வெறுமைக்கு எவ்வளவு என்று சாரதி பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். நாலு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீத அளவில்தான் மைலேஜ் போகும், கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் டயர் தேய்மானமும் அதோடு சேர்ந்து வருகிறதே.

டயரைப் பார்க்கும்போது இதையும் பாருங்கள். மட்டமான வீதியில், அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓடி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மூன்று இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் வண்டியில் பின் இடது சக்கரத்தில் அப்படி இருந்தது. மைலேஜ் ஏன் விழுகிறது என்று இரண்டு மாதம் எஞ்சினைக் கிண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் கராஜ் பாஸ் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார், அரைச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் போட்ட பிறகு லீட்டருக்கு எட்டரை ஓடிய வண்டி ஒன்பதரைக்கு மேல் வந்தது.

இந்தக் கணக்கை எப்படி எடுத்தேன் என்று கேட்பீர்கள். டேங்கை முழுசாக நிரப்பி மீற்றரை எழுதிக்கொள்வது, போய்த் திரும்பி வந்து அதே ஷெட்டில் அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீட்டரால் வகுப்பது. போக மட்டும் பார்க்கக் கூடாது, கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு இறங்கும் கணக்கில் எந்த வண்டியும் ராசாதான்.

பின் கதவை இறக்கிவிட்டு ஓடினால் காற்றுத் தடுக்காது என்று பையன்கள் நினைக்கிறார்கள், அது தப்பு. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்றுச் சுழன்று ஒரு மெத்தை மாதிரி நின்றுவிடும், மேலே வருகிற காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். மலையில் நாம் ஓடும் வேகத்துக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. நாவுல தாண்டித் தம்புள்ளைப் பக்கம் மட்ட வீதியில் தெரியும், அங்கே 90இல் போகாமல் 65இல் போனாலே வித்தியாசம் கையில் வரும். டீசல் குழாயில் காந்தம் மாட்டுவது, டேங்கில் மருந்து ஊற்றுவது, இரண்டுக்கும் காசு கொடுத்துப் பார்த்தேன், கணக்குக் கொப்பியில் ஒரு மாற்றமும் இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய மிச்சம் ஒன்று இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து வெறும் கூடைகளோடு மேலே ஏறுகிற வண்டி எரிக்கிற டீசல்தான் பெரிய நட்டம். எங்கள் பக்கத்தில் நாங்கள் நாலு பேர் பேசி வைத்திருக்கிறோம். யார் போனாலும் இங்கத்தைய கடைகளுக்கு வேண்டிய அரிசி, பெரிய வெங்காயத்தைத் திரும்பி வரும்போது ஏற்றி வருவோம், ஒரு வண்டிக்குப் பாரம் போதாது என்றால் மற்றவர் அன்று போகமாட்டார். இது சரியாக நடக்க ஒரு வருஷம் சண்டை பிடித்தோம், ஆனால் நடக்கிறது.

ஆசிரியர் ஐயா, உங்கள் மூலமாக இரண்டு விஷயம் கேட்கிறேன். சாரதிப் பயிற்சி கொடுப்பவர்கள் மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது பாரம் ஏற்றிய வண்டியில் கியரில் இறங்கக் காட்டிக்கொடுங்கள், மட்ட வீதியில் பழக்கி லைசன் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அப்புறம் ஷெட் நடத்துகிறவர்களுக்கு: காற்றடிக்கும் மெஷினைத் திருத்தி வையுங்கள். நான் டீசல் அடிக்கும் இடத்தில் மூன்று மாதமாக ‘பழுது’ என்று அட்டை தொங்குகிறது. காலைக் குளிரில் காற்றுப் பார்க்க வருகிறவன் அடுத்த டவுன் வரைக்கும் ஓடினால் டயர் சூடாகிவிடும், அதற்குப் பிறகு பார்த்து என்ன பிரயோசனம்?

இப்படிக்கு,
கந்தப்பளை கெப் சாரதி ஒருவர்