யாழ்ப்பாணத்துக்குப் பயிலுநர்களை அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் களப்பயிற்சிப் பிரிவுகளுக்கும், தங்கள் இளையோரை இங்கு அனுப்பும் புலம்பெயர் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

உள்ளூர்ப் பொருளாதார மேம்பாட்டுக்குக் கைகொடுக்க வரும் பயிலுநர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் வந்ததும் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு, ஒரு முகநூல் பக்கம், போகும்போது ஓர் அறிக்கை. தூள் இடித்து விற்கும் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வருமானம் இவற்றால் கூடுவதில்லை. அந்தச் சங்கத்துக்குப் படித்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டிய வேலை விலைக்கணக்கு. அதற்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

கறித்தூளையே எடுங்கள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் என்று 10 கிலோ சாமான் வாங்கினால், காம்பு கிள்ளி, துப்பரவாக்கி, வறுத்து, மில்லில் அரைத்து முடியும்போது 10 கிலோ வராது. 8.5 கிலோ வந்தது என்று வையுங்கள். செலவை 10 ஆல் பிரிப்பதா, 8.5 ஆல் பிரிப்பதா? பல குழுக்கள் 10 ஆல் பிரிக்கின்றன. 8.5 ஆல் பிரித்தால் கிலோவின் அடக்கவிலை ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. இலாபம் என்று அவர்கள் நினைத்திருந்த காசு அந்த இடைவெளிக்குள்ளேயே போய்விடுகிறது.

அடுத்த ஓட்டை கடைக் கழிவு, அதாவது கடைக்காரர் தனக்கென எடுக்கும் பங்கு. அடக்கம் 1,000 ரூபா. கடைக்காரர் 20 சதவீதம் கேட்கிறார். ஆகவே 1,200 ரூபா என்று விலை போடுகிறார்கள். கடைக்காரர் எடுப்பது விற்பனை விலையில் 20 சதவீதம், அதாவது 240 ரூபா. கைக்கு வருவது 960. ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபா நட்டம், அதுவும் கூலி கட்டுப்படாத நிலையில். 1,000 ஐ 0.8 ஆல் பிரித்து 1,250 என்று போட்டால்தான் அடக்கமாவது மிஞ்சும். விறகு, மில் கூலி, பை, லேபிள், பேருந்துக் காசு, திரும்பி வரும் பழைய பைகள் ஆகியவை அந்த அடக்கத்துக்குள் இருக்கவேண்டும். பெண்களின் உழைப்பு நேரமும் இருக்கவேண்டும். அதைக் கடைசியில் சேர்க்கலாம் என்று விடுகிறவர்கள் ஒருபோதும் சேர்ப்பதில்லை.

பெரிய கடைகள் கடனுக்கு எடுப்பது இன்னொரு பொறி. கிழமைக்கு 100 பை கொடுத்து 45 நாளில் காசு வரும் என்றால், எந்த நேரமும் 600 பைகளுக்கு மேற்பட்டவற்றில் போட்ட முதல் வெளியில் நிற்கிறது. அந்த முதல் இல்லாத குழு நுண்கடன் எடுக்கிறது. கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய கடனை எடுத்து, 45 நாளில் வரும் காசுக்காகக் காத்திருந்தால் முடிவு எப்படி இருக்கும் என்பது வடக்கில் எல்லாருக்கும் தெரியும். ஓடர் வந்தது என்று மகிழ்ந்து உடனே கையெழுத்துப் போட வைக்காமல், எத்தனை பை வரை கடனுக்குக் கொடுக்க இந்தக் குழுவால் தாங்கும் என்று பயிலுநர் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

இதற்கு மடிக்கணினி தேவையில்லை. ஒரு நல்ல டிஜிட்டல் தராசும் ஒரு சீ.ஆர். கொப்பியும் (கெட்டி மட்டை போட்ட குறிப்பேடு) போதும். வாங்கியபோது, துப்பரவாக்கியபின், வறுத்தபின், அரைத்தபின் என்று நான்கு நிறைகள். ஒரே சாமானுக்குக் குறைந்தது ஐந்து தடவை நிறுக்காமல் சராசரி எடுக்கக் கூடாது. மழைக்காலத்து மல்லியும் வெயிற்காலத்து மல்லியும் ஒரேயளவு நிறை இழப்பதில்லை. எக்செலில் செய்த கணக்கு பயிலுநரோடு விமானம் ஏறிவிடும். சங்கப் பொருளாளரின் கையெழுத்தில் இருக்கும் கொப்பி இங்கே நிற்கும். முகநூல் பக்கம் தொடங்கினாலும் சங்கத்தின் தொலைபேசி எண்ணில் தொடங்குங்கள். கடவுச்சொல் தெரிந்த பிள்ளை ஊருக்குப் போனதும் செத்துப்போன பக்கங்கள் ஏராளம்.

உங்கள் நாட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய பெறுமதியான வேலையும் ஒன்று உண்டு. உறவினரின் சூட்கேசில் போகும் தூளும் எள்ளுருண்டையும் ஏற்றுமதி ஆகாது. கடைத்தட்டில் அவற்றை வைக்கவேண்டுமானால், கனடாவுக்கு லேபிள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 ஒவ்வாமைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிடவேண்டும்; எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் உள்ளன. அமெரிக்காவில் லேபிளில் குறிப்பிடவேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் 2023 முதல் எள்ளும் சேர்ந்துள்ளது. காய்ந்த மிளகாயில் அஃப்ளடொக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளடொக்சின் 10 மைக்ரோகிராம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை. இந்த நஞ்சு பூஞ்சணத்தால் வருவது. மிளகாயை நிலத்தில் பரப்பிவிட்டு இரவுப் பனியில் விடுவது ஒரு பெரும் காரணம். உயர்த்திக் கட்டிய தட்டி, மாலையில் மூட ஒரு படங்கு, காயாததைப் பையில் அடைக்காத ஒழுங்கு ஆகியவை செலவு குறைந்தவை. உங்கள் மாணவர் விதிகளை வாசித்து, எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் அது ஆண்டுக்கணக்கில் பயன்படும்.

கணக்கெடுப்பை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறோம். போர் முடிந்த 2009 க்குப் பிறகு எத்தனையோ படிவங்கள் இந்த வீடுகளுக்குள் வந்து போயின. கணவர் எங்கே, கடன் எவ்வளவு, நகை அடகில் இருக்கிறதா என்று கேட்டவர்களில் எத்தனை பேர் பதிலோடு திரும்பி வந்தார்கள்? கேள்வித்தாளைக் கண்டதும் ஏதோ தரப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. அது பொய்த்தால் அடுத்து வருபவருக்கும் கதவு திறக்காது. வேண்டிய அடிப்படை விபரங்கள் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களிடம் இருக்கின்றன.

காலத்தையும் பாருங்கள். உங்கள் கோடை விடுமுறை யூன் முதல் ஓகஸ்ட் வரை. பனங்கிழங்கு கிண்டுவது தை, மாசியில். ஒடியலும் (பச்சையாகக் காயவைத்த பனங்கிழங்கு) புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்தது) காய்வது அதையொட்டிய வெயிலில். ஓகஸ்டில் வருபவர் கிழங்கையே காணமாட்டார். ஓகஸ்டை ஒட்டி வரும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கூட்டம் வைக்க ஆள் சேராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. தை பிறந்து வந்து ஆறு மாதம் நிற்பவரே எங்களுக்குப் பயன். ஆறு கிழமைக்கு மட்டும் அனுப்ப முடியுமென்றால், மேலே சொன்ன லேபிள் வேலையைத் தொலைவில் இருந்தே தாருங்கள்.

பேச்சுத் தமிழ் தெரிந்தால் நல்லது. எழுத்துத் தெரியாவிட்டால் கொப்பியைப் பொருளாளர் எழுதட்டும், அதுவே நல்லது. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்ய முடியாது, ஆகவே விசா ஒழுங்கை முன்கூட்டியே பாருங்கள். வரும்போது புதுப் பொருள் யோசனையோடு வரவேண்டாம். ஏற்கனவே செய்வதையே சரியான விலைக்கு விற்க முடியாமல் இருக்கும்போது ஆறாவது வகை ஜாம் எதற்கு?

அடுத்த தைக்கு ஆள் அனுப்ப விரும்பினால், புரட்டாதிக்குள் சங்கத்துக்கே எழுதுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி போதும். எந்தப் பொருள், எத்தனை மாதம், தராசும் கொப்பியும் யார் செலவு என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி ஆம் என்று எழுதித் தந்தபிறகு பயணச்சீட்டை எடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துச் சிறு உற்பத்திக் குழுக்களோடு வேலை செய்வோர்